ஜூமா, மூடுலா, தலைகீழ் வகுப்பறையா? ராமநாதபுரம் கடற்கரைக் கல்லூரி ஆசிரியருக்கு ஓர் ஒப்பீடு

ஜூன் பாதியில் கல்லூரி திறக்கும். அதற்கு ஒரு வாரம் முன்னாலிருந்தே எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். இந்த வருடம் முதலில் அழைத்தவர் தொண்டிப் பக்கத்துக் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த கௌரவ விரிவுரையாளர். "மேம், கூகுள் கிளாஸ்ரூம் போதுமா, இல்ல மூடுல் போடணுமா? துறைத்தலைவர் ஃபிளிப்டு கிளாஸ்ரூம் பண்ணுங்கன்னு சொல்றார். கல்லூரியோட தரத்தை மதிப்பிட நாக் குழு வேற வருதாம். எதை எடுக்கிறதுன்னே தெரியல."

"தம்பி, உங்க பிள்ளைங்க கையில போன் எந்நேரம் இருக்கு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அதை யோசிக்கவே இல்ல மேம்" என்றார்.

மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடையில் பல வருடங்களாக வணிகவியல் நடத்துகிறேன். கீழே வரும் எல்லா வழிகளிலும் கைவைத்துப் பார்த்திருக்கிறேன். அந்தத் தம்பிக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். ஜூம் நேரலை வகுப்பு நடத்தும் செயலி. மூடுலும் கூகுள் கிளாஸ்ரூமும் பாடம் போட, ஒப்படைப்பு (அசைன்மென்ட்) வாங்க உதவும் தளங்கள். இவை எல்லாம் பாத்திரங்கள். ஃபிளிப்டு கிளாஸ்ரூம் என்கிற தலைகீழ் வகுப்பறை சமைக்கும் முறை. பாடத்தை மாணவர் முன்கூட்டியே வீட்டில் பார்த்து வருவார். கணக்குப் போடுவது, விவாதிப்பது, தப்பு செய்து திருத்திக்கொள்வது எல்லாம் வகுப்பில் நடக்கும். அது எந்தப் பாத்திரத்திலும் வேகும், பாத்திரமே இல்லாமலும் நடக்கும். ஆனால் இவை எல்லாமே ஆசிரியரின் அதே சாயங்காலத்தைத்தான் கேட்கின்றன. அதனால் ஒன்றாக வைத்து நிறுத்துப் பார்ப்பதில் தவறில்லை.

## எதை வைத்து எடை போடுவது

போன் யாருடையது, எப்போது கையில் இருக்கும். "எல்லாரிடமும் ஸ்மார்ட்போன் இருக்கிறது" என்று கணக்கெடுப்புத் தாளில் வரும். அது அண்ணனின் போனாக இருக்கும், இல்லையென்றால் அப்பாவின் போன். அப்பா கடலுக்குப் போனால் போனும் கூடப் போய்விடும். பெண் பிள்ளைகள் சிலருக்கு ராத்திரி எட்டு மணிக்கு மேல் போனைத் தொட வீட்டில் விடமாட்டார்கள்.

ரீசார்ஜ். நம் கடற்கரைக்கென்று ஒரு நாட்காட்டி உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகை நம்பிய வீடுகளில் அந்த இரண்டு மாதமும் கை இறுக்கம். இரட்டைப்படைப் பருவத் தேர்வும் அப்போதுதான், புதுப் பருவத்தின் தொடக்கமும் அதை ஒட்டித்தான். தேர்வு நேரத்தில் வாட்ஸ்அப் குழுவில் பத்துப் பேருக்குச் செய்தி போய்ச் சேராமல் நின்றால், பிள்ளைகள் அலட்சியமாக இருக்கிறார்கள் என்று முடிவு கட்டாதீர்கள். டேட்டா பேக் முடிந்திருக்கும். 2021 தொடக்கத்தில் தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி என்று நான்கு மாதம் இலவச டேட்டா கொடுத்தது. அந்த நான்கு மாதமும் என் வகுப்பில் தெரிந்த வித்தியாசத்தை மறக்க முடியாது.

ஆசிரியரின் நேரம். இதை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

மாணவர் வாய் திறக்க இடம் இருக்கிறதா. என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் கனமானது இதுதான்.

ஆள் மாறினால் என்ன மிஞ்சும். கௌரவ விரிவுரையாளர்கள் வருடத்துக்கு வருடம் மாறும் கல்லூரிகளில் இது பெரிய கேள்வி.

## நேரலை வகுப்பு

ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடம், கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் 60 நிமிடம். இரண்டிலும் 100 பேர் வரைதான். கணக்கியலில் ஒரு செயல்முறை அடக்கவிலைக் கணக்கை எடுத்து, அசாதாரண நட்டத்துக்கு வரும்போது சரியாக நாற்பதாவது நிமிடம் வந்துவிடும். மறுபடி லிங்க் அனுப்பினால் பாதிப் பேர் வரமாட்டார்கள். இலவச மீட்டில் பதிவு செய்யும் வசதியும் கிடையாது. விட்டவர் விட்டவர்தான்.

டேட்டாவிலும் இதுதான் அதிகம் குடிக்கும். ஒரு மணி நேரத்துக்குச் சில நூறு எம்பி போய்விடும். மாணவர் கேமராவை அணைத்தால் மிச்சமாகும். ஆனால் அணைத்த திரைக்குப் பின்னால் அவர் இருக்கிறாரா, அம்மாவோடு கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறாரா என்று உங்களுக்குத் தெரியாது.

"மழை விடுமுறைக்கு நேரலை உதவுமே" என்று பலர் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பாம்பனில் புயல் கூண்டு ஏறினால் நம் பக்கம் முதலில் போவது கரண்ட், அடுத்தது டவர். ஐப்பசி, கார்த்திகையில் நேரலையை நம்பிப் பாடத்திட்டம் போடாதீர்கள்.

நேரலை எங்கே நல்லது? வெளியூர் நிபுணர் ஒருவரை ஒரு மணி நேரம் பேச வைக்க, தேர்வுக்கு முந்தின நாள் சந்தேகம் கேட்க, ஐந்தாறு பேர் கொண்ட ஆய்வு மாணவர் குழுவுக்கு. அன்றாடப் பாடத்துக்கு வேண்டாம்.

## கூகுள் கிளாஸ்ரூமும் மூடுலும்

2014-ல் வந்த கூகுள் கிளாஸ்ரூமை ஒரு சாயங்காலத்தில் கற்றுக்கொள்ளலாம். கோப்பு போடலாம், ஒப்படைப்பு வாங்கலாம், மதிப்பெண் குறிக்கலாம். சொந்த ஜிமெயிலில் நடத்தினால் 15 ஜிபி இடத்துக்குள் அடக்க வேண்டும். எழுபது பேர் கைப்பட எழுதிய தாள்களைப் படம் எடுத்து ஏற்றினால் அது வேகமாக நிரம்பும். இன்னொரு சங்கடம், வகுப்பு உங்கள் சொந்தக் கணக்கோடு கட்டப்பட்டிருக்கும். நீங்கள் கல்லூரி மாறினால் பாடமும் உங்களோடு கிளம்பிவிடும். கல்லூரியே தன் பெயரில் கல்விக் கணக்கு வாங்கியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

மூடுலை ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் டூகியாமஸ் உருவாக்கினார். முதல் பதிப்பு 2002-ல் வந்தது. திறந்த மூல மென்பொருள், யாரும் காசில்லாமல் நிறுவிக்கொள்ளலாம். வினா வங்கி, ஒவ்வொரு மாணவருக்கும் வேறு வேறு எண்களோடு ஒரே கணக்கு, எந்தப் பாடத்தை யார் திறந்தார் என்ற விவரம் எல்லாம் உண்டு. நமக்கு மிகவும் தேவையான ஒன்றும் அதில் இருக்கிறது: மூடுல் செயலியில் பாடத்தை இறக்கி வைத்துக்கொண்டு நெட் இல்லாமல் படிக்கலாம். ஆசிரியர் அனுமதித்திருந்தால் வினாடி வினாவையும் நெட் இல்லாமல் எழுதி, சிக்னல் கிடைக்கும்போது அனுப்பலாம்.

சரி, பிறகு ஏன் எல்லோரும் மூடுல் போடவில்லை? மென்பொருள்தான் இலவசம். சர்வர், டொமைன், வருடாந்திரப் புதுப்பிப்பு, பேக்கப், இதையெல்லாம் பார்க்க ஓர் ஆள் என்று செலவு வரிசையாக வரும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில் ஆர்வமுள்ள இளைஞர் ஒருவர் தனியாளாக நின்று மூடுலை நிறுவினார். நாங்கள் நான்கைந்து பேர் இரண்டு வருடம் உட்கார்ந்து வினா வங்கி கட்டினோம். அவர் வேறு வேலைக்குப் போனார். அடுத்த வருடம் சர்வருக்குப் பணம் கட்ட யாருக்கும் ஞாபகமில்லை. ஒரு நாள் காலையில் திறந்தால் பக்கமே இல்லை. பேக்கப்பும் இல்லை. இருநூற்றுச் சொச்சம் கணக்குகள் போனது இன்னும் வயிற்றெரிச்சல்தான். அதனால் என் பேச்சு இதுதான்: மூடுலைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் பெயரும், அதற்கான வருடச் செலவும் கல்லூரிக் கணக்கில் எழுத்தில் வராமல் மூடுலில் ஒரு கேள்விகூட ஏற்றாதீர்கள்.

## வாட்ஸ்அப், டெலிகிராம், யூடியூப்

இவற்றைக் கல்வித் தளம் என்று யாரும் மதிப்பதில்லை. ஆனால் நம் பக்கம் உண்மையில் பாடம் போய்ச் சேர்வது இவற்றின் வழியாகத்தான். யாருக்கும் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம். சிக்னல் ஒரு நிமிடம் வந்தாலும் செய்தி இறங்கிவிடும்.

நான் அதிகம் அனுப்புவது குரல் பதிவு. பத்து நிமிடப் பேச்சை நன்றாகச் சுருக்கினால் இரண்டரை எம்பிக்குள் அடங்கும். வாலிநோக்கத்திலிருந்தும் மூக்கையூரிலிருந்தும் வரும் பிள்ளைகள் பஸ்ஸில் கழிக்கும் நேரம் கொஞ்சமில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டே வருகிறார்கள். பள்ளியில் தமிழ்வழி படித்தவர்கள்தான் என் வகுப்பில் அதிகம். ஆங்கிலப் பாடநூலில் உள்ளதைத் தமிழில் பேசி, ஆங்கிலச் சொல்லையும் கூடவே சொல்லிக்கொண்டு போனால் அவர்களுக்குப் பாதி பயம் தீர்கிறது. வீடியோ வேண்டுமென்றால் யூடியூபில் பொதுப் பார்வைக்கு வராதபடி ஏற்றி லிங்க் மட்டும் கொடுக்கலாம். கல்லூரி வைஃபையில் இருக்கும்போதே செயலிக்குள் இறக்கிவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இதன் மறைமுகச் செலவு வேறு இடத்தில் இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். ஒரு மாணவியின் எண் வெளியே போய் வேண்டாத அழைப்புகள் வந்தால், வீட்டில் முதலில் பறிபோவது அவள் போன், சில வீடுகளில் படிப்பும். குழுவாக வைக்காமல் டெலிகிராம் சேனலாகவோ வாட்ஸ்அப் சேனலாகவோ வையுங்கள். பின்தொடர்பவர்களின் எண்கள் ஒருவருக்கொருவர் தெரியாது. இந்த ஒரு விஷயத்தில் தயவுசெய்து சோம்பல் படாதீர்கள்.

## ஸ்வயம், என்பிடெல்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐஐடிகளும் இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய இணையவழிப் பாடத் திட்டம் என்பிடெல். மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயம் 2017 ஜூலையில் வந்தது. சேர்வது இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்குக் கட்டணம் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2021 விதிப்படி ஒரு பருவத்தில் ஒரு படிப்பின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழி படித்து கிரெடிட் பெற முடியும். அதை உங்கள் பல்கலைக்கழகம் எப்படி ஏற்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் இல்லாத விருப்பப் பாடத்துக்கும், தானாகப் படிக்கும் பிள்ளைக்கும் இது வரப்பிரசாதம். ஆனால் அரியர் வைத்திருக்கும் பிள்ளையைத் தனியாக எட்டு வாரம், பன்னிரண்டு வாரம் ஓட விட்டால் பாதியில் நின்றுவிடும். தேர்வு மையம் எந்த ஊரில் கிடைக்கும், பஸ் செலவு என்ன என்பதையும் பதிவு செய்யும் முன்பே பாருங்கள். வீட்டில் டிவி மட்டும் இருந்தால், டேட்டா இல்லாமல் பார்க்க ஸ்வயம் பிரபா சேனல்கள் உண்டு.

## தலைகீழ் வகுப்பறை

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

இந்தப் பெயரோடு எல்லோரும் சொல்வது அமெரிக்காவின் கொலராடோவில் வேதியியல் நடத்திய ஜொனாதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் இருவரையும்தான். விளையாட்டுப் போட்டிகளுக்குப் போய் வகுப்பைத் தவறவிடும் பிள்ளைகளுக்காக 2007 வாக்கில் பாடங்களைப் பதிவு செய்ய ஆரம்பித்தார்கள். அதனால்தான் ஃபிளிப்டு என்றாலே வீடியோ என்று நம் மனதில் பதிந்துவிட்டது. அதற்கு வெகுமுன்பே, 1991-ல், ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர் இதைப் போன்ற ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். மாணவர்கள் பாடத்தைப் படித்துவிட்டு வர வேண்டும். வகுப்பில் ஒரு கேள்வி. ஒவ்வொருவரும் தனியாக விடை சொல்ல வேண்டும். சரியான விடை சொன்னவர்கள் 30 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருந்தால், பக்கத்தில் இருப்பவரோடு பேசிவிட்டு மறுபடி விடை சொல்ல வேண்டும். இதில் எங்கே வீடியோ? நம் ஊரில் இரண்டு பக்க ஜெராக்ஸ் போதும். விடைக்கு, நோட்டுத் தாளை நான்காக மடித்து ஏ, பி, சி, டி என்று எழுதித் தூக்கிக் காட்டச் சொல்கிறேன்.

ஒரு நாள் நான் கேட்ட கேள்வி இது. ஒரு நாட்டுப்படகு. மாதக் கடன் தவணை, டீசல், ஐஸ், வியாபாரிக்குக் கமிஷன். மீன்பாட்டுக்கு, அதாவது படும் மீனின் அளவுக்கு, ஏற்ப மாறும் செலவு எவை? டீசல், ஐஸ், கமிஷன் மூன்றும் என்று நான் விடை எழுதி வைத்திருந்தேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. பேசச் சொன்னேன். மூன்றாவது பெஞ்சில் பாம்பன் பிள்ளை ஒருத்தி, வருடம் முழுக்க வாயே திறக்காதவள், எழுந்தாள்.

"ஐஸ் ஏத்தியாச்சுன்னா ஏத்தினதுதான் மேம். மீன் படலைன்னாலும் அது கரைஞ்சுதான போகும். அது எப்படி மாறும் செலவு?"

பின்னாலிருந்து ஒரு பையன்: "கடலுக்கே போகலைன்னா ஐஸ் வாங்க மாட்டோம்ல?"

இரண்டு பேரும் சரி. எத்தனை முறை கடலுக்குப் போகிறோம் என்று பார்த்தால் ஐஸ் மாறும் செலவு. எத்தனை கிலோ மீன் படுகிறது என்று பார்த்தால் அது நிலையான செலவு, டீசலும் அப்படித்தான். நான் எழுதி வைத்திருந்த விடைதான் தப்பு. "உற்பத்திக்கு ஏற்ப மாறுவது" என்று வருடக்கணக்கில் போர்டில் எழுதியிருக்கிறேன். எதை உற்பத்தி என்று எண்ணுகிறோம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அன்று அந்த வகுப்பில் அது எல்லோருக்கும் புரிந்தது. எந்த வீடியோவிலும் இது வந்திருக்காது.

ஆய்வுகளும் பக்கபலமாக இருக்கின்றன. 2014-ல் ஃப்ரீமன் என்ற ஆய்வாளரின் குழுவினர் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் சராசரியாக 33.8 விழுக்காட்டினர் தோற்றார்கள். மாணவர்கள் தாங்களே செய்து கற்ற வகுப்புகளில் 21.8. பலன் வந்தது வகுப்பில் செய்ததால்தான். அந்த ஒப்பீட்டில் வீடியோ ஒரு நிபந்தனையே இல்லை. வீடியோ எடுத்தே தீருவேன் என்றால் சிறிதாக எடுங்கள். எட்எக்ஸ் என்ற இணையத் தளத்தின் பாடங்களை வைத்து அதே வருடம் வந்த ஓர் ஆய்வில், ஆறு நிமிடத்துக்கு மேல் போன வீடியோக்களில் மாணவர்களின் கவனம் விழுந்தது தெரிந்தது.

செலவுகளைச் சொல்கிறேன். எட்டு நிமிட வீடியோ ஒன்றுக்கு ஆரம்பத்தில் எனக்கு மூன்று மணி நேரம் ஆனது. ஜெராக்ஸ் தாள் தயாரிக்க ஒரு மணி நேரம். பாடத்தை முடிக்கும் வேகம் குறையும். அதனால் பாடத்திட்டத்தின் ஐந்து அலகில் இரண்டை மட்டும்தான் இப்படி நடத்துகிறேன். வகுப்பு சத்தமாக இருக்கும், ரவுண்ட்ஸ் வரும் முதல்வருக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். "மேம் பாடமே நடத்தலை" என்று பிள்ளைகளே சொல்வார்கள். இதுவும் புதிதில்லை: 2019-ல் ஹார்வர்டில் நடந்த ஒரு சோதனையில், தாங்களே செய்து கற்ற மாணவர்கள் அதிகம் கற்றிருந்தும், குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். முதல் வாரத்திலேயே அவர்களிடம் இதைப் பேசிவிடுங்கள்.

படிக்காமல் வருபவர்களை என்ன செய்வது? அவர்களுக்காக மறுபடி பாடம் நடத்தினால் அன்றோடு எல்லாம் முடிந்தது, நாளை யாரும் படித்து வரமாட்டார்கள். வாசலில் மூன்று கேள்விச் சீட்டு கொடுக்கிறேன். எழுத முடியாதவர்கள் பின் பெஞ்சில் பத்து நிமிடம் தாளைப் படித்துவிட்டுச் சேர்ந்துகொள்வார்கள். திட்டுவதில்லை. வலைக்கோ கடற்பாசி எடுக்கவோ போய்விட்டு வந்த பிள்ளையாக இருக்கலாம்.

## ஒரே பார்வையில்

| | நேரலை | கூகுள் கிளாஸ்ரூம் | மூடுல் | வாட்ஸ்அப், டெலிகிராம் | தலைகீழ் வகுப்பறை (தாள் வழி) |
|---|---|---|---|---|---|
| சொந்தப் போன் இல்லாதவருக்கு | முடியாது | கஷ்டம் | கல்லூரிக் கணினியில் முடியும் | ராத்திரி கிடைத்தாலும் போதும் | போனே வேண்டாம் |
| டேட்டா | மிக அதிகம் | நடுத்தரம் | இறக்கிவைத்தால் குறைவு | குறைவு | இல்லை |
| ஆசிரியர் நேரம் | வகுப்பு நேரம் மட்டும் | குறைவு | முதல் வருடம் மிக அதிகம் | குறைவு, ஆனால் ராத்திரியும் கேள்வி வரும் | முதல் பருவம் அதிகம் |
| மாணவர் பேச இடம் | பெயரளவில் | இல்லை | எழுத்தில் மட்டும் | தனிச்செய்தியில் | நிறைய |
| ஆள் மாறினால் | ஒன்றும் மிஞ்சாது | கணக்கு யாருடையதோ அவரோடு போகும் | பராமரித்தால் நிற்கும் | சிதறிவிடும் | தாள்கள் துறை அலமாரியில் இருக்கும் |

## யாருக்கு எது

புதிதாகச் சேர்ந்த, அடுத்த வருடம் எங்கே இருப்போம் என்று தெரியாத ஆசிரியருக்கு: சேனல் ஒன்று, குரல் பதிவு, ஒரு அலகுக்குத் தாள் வழித் தலைகீழ் வகுப்பு. இதற்கு மேல் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

கீழக்கரைப் பக்கம் போல விடுதியும் கணினி ஆய்வகமும் வைஃபையும் உள்ள கல்லூரிக்கு: மூடுல். பொறியியல், கணினிப் பாடங்களுக்கு அதன் வினா வங்கிக்கு ஈடில்லை. வீடியோ வழித் தலைகீழ் வகுப்பறையும் அங்கே ஓடும், ஏனென்றால் ராத்திரி எல்லோருக்கும் ஒரே மாதிரி நெட் கிடைக்கிறது.

ஷிப்ட் முறையில் எழுபது பேர் உட்காரும் அரசுக் கல்லூரி வகுப்புக்கு: ஒப்படைப்புக்குக் கூகுள் கிளாஸ்ரூம், கணக்குப் பாடங்களுக்குத் தலைகீழ் வகுப்பு. மொழிப்பாடம், வரலாறு போன்றவற்றில், ஆசிரியர் நன்றாகச் சொல்லக்கூடியவர் என்றால், விரிவுரையே நடக்கட்டும். நல்ல விரிவுரையைக் கெடுத்துக்கொண்டு யாரும் ஃபிளிப் பண்ண வேண்டியதில்லை.

நாக் குழுவுக்குக் காட்டுவதற்காக மட்டும் என்றால், வாசலில் கொடுக்கும் கேள்விச் சீட்டுகளையும் ஜெராக்ஸ் தாள்களையும் தேதி போட்டு ஒரு கோப்பில் வையுங்கள். அதுவே சான்று.

தொண்டித் தம்பி போன வாரம் மறுபடி அழைத்தார். முதல் நாள் வகுப்பில் பெயர் எழுதாத சீட்டில் மூன்று கேள்வி கேட்டிருக்கிறார்: போன் யாருடையது, எந்நேரம் கையில் கிடைக்கும், இந்த மாதம் ரீசார்ஜ் இருக்கிறதா. 58 பேரில் 21 பேருக்குப் போன் ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் கிடைக்கிறதாம். மூடுல் யோசனையை இப்போதைக்கு ஓரம் வைத்துவிட்டார். இரண்டாவது அலகுக்கு முதல் ஜெராக்ஸ் தாள் எழுதிக்கொண்டிருக்கிறார். அனுப்பினால் பார்த்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.